நூல் வைத்த பக்கம்

"இது பழைய புத்தகம்மா. அந்த மாதிரி ஆட்சியெல்லாம் ஒழிஞ்சு போச்சு. இதை நான் இப்போ படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்டார் மாசிலாமணி.

மலைமேல் இருந்த அந்தச் சின்ன மடத்துக்குத் தலைவி தாயம்மை. மாசிலாமணியைவிட இருபது வயது இளையவள். ஒன்பது வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் அவளைப் பார்க்க வந்துபோகிறவர், இப்போது சீடராகவே தங்கிவிட ஆசைப்பட்டார். தங்கிவிட்டால் கீழே இறங்கவே வேண்டாம்.

"படிங்க. எந்தப் பக்கத்துல உங்களைப் பார்க்கறீங்களோ, அங்க உங்க வேட்டியில இருந்து ஒரு நூலை உருவி வைங்க. வந்தவங்க எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க."

எங்கோ ஒரு தேசத்தில், எப்போதோ எழுதிய நாவல் அது. அந்த நாட்டில் சிரிப்பதற்கும் அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் சிரித்துவிட்ட ஒரு கடிகாரக்காரன் சிறைக்குப் போகிறான்.

அவ்வளவுதான் கதை என்று யாரும் சொல்லிவிடலாம். மாசிலாமணியால்தான் முடியவில்லை.

பதிமூன்று வருஷத்துக்கு முன்பு, தலைவர் ஆண்ட காலத்தில், சந்தையில் நிறுத்திய தலைவர் சிலையைப் பார்த்து அவருடைய சிநேகிதன் தவசி சிரித்தான். மூக்கு கொஞ்சம் கோணல், சிரிப்பு வந்துவிட்டது. விசாரிக்க வந்த அதிகாரியிடம் மாசிலாமணி அதைச் சொன்னார். அவரை யாரும் அடிக்கவில்லை, மிரட்டக்கூட இல்லை. ஒரு காபி வாங்கிக் கொடுத்துக் கேட்டார்கள். சொல்லிவிட்டார்.

தவசிக்கு நாலு வருஷம் கிடைத்தது. பிறகு தலைவரும் போனார், சிலையும் போனது. தவசி நடுங்கும் கைகளோடு திரும்பி வந்து, மலையடிவாரத்தில் சைக்கிள் கடை போட்டான். கடையைத் தாண்டினால் மடத்துக்கு நேரே படிக்கட்டு. ஊரெல்லாம் அதில் ஏறும்; மாசிலாமணி மட்டும் முள்ளுக்காட்டைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்து வருவார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்குக் கால்வரை குறுகுறுத்தது.

மூன்றாம் நாள் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

கடிகாரக்காரன் சிறையில் உட்கார்ந்து அழும் பக்கத்தில் அவருடைய நூல் இருந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு கொத்து நூல்.

தாயம்மை கொத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இத்தனை பேரும் உள்ளேயே இருக்கீங்க. அப்போ வெளியே நின்னு பூட்டினது யாருங்கய்யா?"

"அரசாங்கம்தாம்மா."

அவள் கதையின் தொடக்கத்தை நோக்கி நாற்பது பக்கம் திருப்பினாள். பக்கத்து வீட்டுக்காரன் கடிகாரக்காரனைக் காட்டிக்கொடுக்கும் இடம் வந்தது.

அங்கே ஒரே ஒரு நூல். நீல நிறம். சைக்கிள் கிரீஸ் படிந்திருந்தது.

மாசிலாமணி குனிந்து அந்த நூலை உற்றுப் பார்த்தார்.

"இது... தவசியோடதா?"

"ஆமா."

"அவன் உள்ளே கிடந்தவன்மா! அவன் எதுக்கு இங்க வைக்கணும்?"

"அடி தாங்க முடியாம ரெண்டு பேர் பேரைச் சொல்லிட்டாராம். வெளியே வந்ததும் அவங்க ரெண்டு பேர் வீட்டுக்கும் போய் ஒத்துக்கிட்டார். அதுக்கப்புறம்தான் இங்க வந்து நூல் வச்சார்."

மாசிலாமணி அவசரமாகப் பக்கத்தைப் புரட்டித் தன் நூலைத் தேடினார். கொத்தில் எல்லாமே வெள்ளை. எது தன்னுடையது என்று தெரியவில்லை. அழுகை வந்தது, அழுதார்.

தாயம்மை அவரைத் தேற்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வேட்டியிலிருந்து இன்னொரு நூலை உருவினார். நீல நூலுக்குப் பக்கத்தில் வைத்தார். இனிமேல் இங்கே தங்கலாமா என்று அவர் கேட்கவில்லை. எழுந்து படிக்கட்டு வழியாக இறங்கினார்.

தவசி டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தான். பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காலால் தள்ளினான்.

"உக்காரு மாசி. ஒன்பது வருஷமா அந்த முள்ளுக்காட்டைச் சுத்துறியே, கால் வலிக்கலையா?"