முக்குளிப்பானின் கால்கள் பின்னுக்குப் போன கதை

பறவை பேசினால் மனிதனுக்கும், மனிதன் பேசினால் பறவைக்கும் விளங்கிய காலம் அது. அப்போது முக்குளிப்பானுக்குக் கால்கள் வயிற்றுக்கு நேராகத்தான் இருந்தன. முங்கி மீன் பிடிக்கிற, வாத்து மாதிரியான அந்தச் சின்னப் பறவை, கரையிலும் ஒய்யாரமாக நடக்கும். அதிலும் செவ்வந்தி என்ற முக்குளிப்பானுக்குத் தன் நடைமேல் அப்படியொரு கர்வம். கண்மாய்க் கரையில் நடந்து அழகு காட்டிக்கொண்டிருந்தவள், ஒருநாள் கொம்பையன் என்ற வேடனின் கண்ணியில் மாட்டிக்கொண்டாள்.

கொம்பையன் அவளைக் கொல்லவில்லை. அலகை நாரால் சுற்றினான். கால்களைக் கயிற்றால் கட்டி, தண்ணீருக்குள் அடித்த முளையின் உச்சியில், நீர்மட்டத்தை ஒட்டிப் பிணைத்தான். கயிறு குட்டை. மிதக்கலாம், முங்க முடியாது.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம் தாயி. சும்மா மெதந்தாப் போதும். ஒன்னயப் பாத்து ஒன் சாதிசனம் வரும். வலை நெறஞ்சதும் அவுத்து விட்டுர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கோரைக்குள் பதுங்கினான்.

சாயங்காலம் அவள் தங்கை வந்துவிட்டாள். முதுகில் குஞ்சுகள்.

"அக்கா! ஒன்னய எங்கெல்லாம் தேடுறது?"

அலகு கட்டிக் கிடந்த செவ்வந்திக்குக் கத்த வாயில்லை. சிறகை அடித்தாள். அக்கா குளிக்கிறாள் என்று நினைத்துத் தங்கை சிரித்துக்கொண்டே நெருங்கினாள். கோரை அசைந்தது.

ஒருத்தி முங்கினால் ஆபத்து வருகிறது என்று அர்த்தம், எல்லோரும் முங்க வேண்டும். முக்குளிப்பான்களுக்குள் அது பேசாமலே விளங்கும். செவ்வந்தி தலையைக் கவிழ்த்தாள், இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி முங்கினாள். கயிறு இழுத்தது. அவள் விடவில்லை. வயிற்றடியில் இருந்த கால்கள் வலியோடு நகர்ந்து வால்பக்கம் போய்ச் சேர்ந்தன.

தங்கை பார்த்தாள். குஞ்சுகளைச் சிறகுக்குள் இடுக்கிக்கொண்டு அவளும் முங்கினாள். வலை வெறும் தண்ணீரில் விழுந்தது.

கொம்பையன் இறங்கிவந்து கட்டுகளை அறுத்தான். "அடி கிறுக்கி, சும்மா இருந்திருந்தா வீட்டுக்குப் போயிருப்பியே!"

"அவளயும் பிள்ளைகளயும் நீ கொண்டுபோன பெறகு, வீட்டுல யாரு இருப்பா?"

கொம்பையன் அவளைக் கரையில் விட்டான். இரண்டடி வைப்பதற்குள் அவள் நெஞ்சு தரையில் மோத விழுந்தாள். மறுபடி எழுந்தாள், மறுபடி விழுந்தாள். அவனுக்கே மனசு கேட்கவில்லை. தூக்கித் தண்ணீரில் விட்டான். பின்னுக்குப் போன கால்கள் துடுப்பாகத் தள்ள, அவள் என்றுமில்லாத ஆழத்துக்குப் போய்விட்டாள்.

அந்தச் சாயங்காலத்திலிருந்துதான் முக்குளிப்பானுக்குக் கரையில் நடக்க வருவதில்லை. கூட்டைக்கூடத் தண்ணீர்மேல்தான் கட்டும். கண்மாய்ப் பக்கம் போய்ப் பாருங்கள். உங்கள் தலை தெரிந்ததும் ஒன்று முங்கும். அதைப் பார்த்த அடுத்த நொடியே, பக்கத்தில் இருப்பதும் குஞ்சுகளோடு முங்கிவிடும்.