கலவன் பிடுங்கிய காடு

கதிர் முற்றுகிற நேரத்தில் ஒரு குருவிகூட இறங்காத கம்பங்காட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பூரணத்தம்மை மடத்துக் காடு ஒரு வருஷம் அப்படித்தான் நின்றது.

மடத்தின் குரு அம்மைக்கு முப்பது வயதுதான் இருக்கும். சீடர் திருமேனிக்கோ தலை முழுக்க நரை. பெண்சாதி செல்லக்கிளி போய்ச்சேர்ந்த பிறகு மடத்துக்கு வந்தவர். வந்தும் நிம்மதியில்லை. தியானத்தில் கண்ணை மூடினால் அவள் குரல். அதுவும் ஏச்சு. "வேட்டியை நேராக் கட்டத் தெரியலை, உமக்குச் சாமி ஒரு கேடா?"

"அவளை எப்படி அம்மா மனசுலேருந்து பிடுங்குறது?" என்று கேட்டார்.

அம்மை வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தார். காட்டில் வீரிய ஒட்டுக் கம்பு விதைக்காக நிற்கிறது, பூக்குமுன் இனம் சேராத கலவன் செடிகளைப் பிடுங்கிவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

காட்டில் நாலு வரிசை குட்டையாக, செழிப்பாக. அடுத்த இரண்டு வரிசை நெட்டையாக, ஒல்லியாக. இப்படியே மாறி மாறி. திருமேனி காடு கரை பார்த்தவரில்லை, யாரையும் கேட்கவுமில்லை. நெட்டைதான் கலவன் என்று நினைத்து ஒன்றுவிடாமல் பிடுங்கி மாட்டுக்குப் போட்டார்.

அன்று சாயங்காலம் கண்ணை மூடினார். செல்லக்கிளி பேசவில்லை. அப்பாடா என்றிருந்தது.

கதிர் வந்தது. எல்லாம் ஒரே உயரம், சீப்பால் வாரிவிட்ட மாதிரி. குருவிகள் மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போயின. பிறகு கதிரிலிருந்து தேன் போல ஒழுகியது. ஈ மொய்த்தது. பட்டப்பகலில் காடே முனகிக்கொண்டு நின்றது. கதிரை உருவினால் மணி வரவில்லை. எலிப்புழுக்கை மாதிரி கறுப்பாக ஏதோ உதிர்ந்தது.

அம்மை திரும்பி வந்து ஒரு கதிரை ஒடித்துப் பார்த்தார்.

"இதை யாரும் வாயில வைக்காதீங்க, விஷப் பூசணம். நீங்க பிடுங்கினது ஆண் வரிசை, ஐயா. இந்தக் கதிரோட மகரந்தத்துல உயிர் கிடையாது. அந்த வரிசைலேருந்து மகரந்தத்தைக் காத்து கொண்டுவந்தாத்தான் மணி. மணி பிடிக்காத பூவுல வேற ஒண்ணு குடியேறிடும்."

திருமேனி கையைப் பார்த்தார். விரல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அம்மா, அவ இப்ப பேசறதில்லை. கண்ணை மூடினா வேற சத்தம் கேக்குது."

"என்ன சத்தம்?"

"ஈ மொய்க்கிற சத்தம். உள்ளே."

அம்மை கதிரைக் கீழே போட்டார்.

"அவங்க பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடுங்க, ஐயா."