திருகாணியின் ஒரே சிநேகிதன்

ஒரு மடக்குக் கத்தி இருந்தது. அதன் மூட்டில் ஒரு திருகாணி இருந்தது. சந்தேகப் பிராணி என்றால் அப்படியொரு சந்தேகப் பிராணி! காற்று வந்து தொட்டாலும், "உன்னை யார் அனுப்பினது?" என்று கேட்கும்.

அது நம்பிய ஒரே ஆள் துரு. கடல் தண்ணீரோடு உள்ளே நுழைந்த துரு, திருகாணியின் மரைச் சுற்றுகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எவனையும் நம்பாதே. நீ கழன்று விழாமல் பிடிச்சிருக்கிறது நான்தான்" என்று ஓதிக்கொண்டே இருக்கும். கேட்கக் கேட்கத் திருகாணிக்கு நெஞ்சு குளிரும்.

கத்தி மீனவர் தொம்மையுடையது. நேற்றுக் கடலில் வலைக்கயிறு அவருடைய மச்சினன் காலைச் சுற்றி இழுத்தபோது, அந்தப் பாழாய்ப்போன கத்தி திறக்கவே இல்லை. பக்கத்துப் படகுக்காரர் விரைந்து வந்து கயிற்றை அறுத்ததால் பையன் பிழைத்தான்.

"எந்தம்பி காலு போயிருக்கும்! அந்தச் சனியனத் தூக்கிக் கடல்ல எறியுங்க" என்றாள் தொம்மையின் மனைவி பிலோமி.

"பொறு பிள்ள, கழத்திப் பாக்கேன். வரலன்னா டிரில்லு போட்டுத் துளைச்சிர வேண்டியதுதான்."

திருகாணி துருவோடு இன்னும் நெருங்கி ஒட்டிக்கொண்டது.

"கேட்டியா?" என்றது துரு. "உன்னைக் கொல்லப் பாக்குறாங்க. அசையாதே!"

முதலில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் வந்தது. "கொஞ்சம் வழி விடுப்பா."

"உளவு பார்க்க வந்தியா? போ வெளியே!"

மண்ணெண்ணெய் போகவில்லை. இடுக்கில் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

அடுத்து வந்தது திருப்புளி. இடப்பக்கம் திருப்பிப் பார்த்தது. திருகாணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. தலையே பிய்ந்துவிடும் போலிருந்தது. அப்போதும் விடவில்லையே, பிடிவாதக்காரக் கழுதை!

திருப்புளிக்கு மூச்சு வாங்கியது. "சரி, நீயே ஜெயிச்சே. கழல வேண்டாம். இன்னும் கொஞ்சம் இறுகிக்கோ. நானும் கை கொடுக்கிறேன்."

இறுகவா? அதில் என்ன பயம்! திருகாணி ஆசை ஆசையாக வலப்பக்கம் ஒரு மயிரிழை நகர்ந்தது.

படக்!

"ஐயோ, செத்தேன்!" என்று ஓர் அலறல்.

திருகாணி திகைத்தது. அலறியது அது இல்லை. அதற்கு வலிக்கவே இல்லை.

"அப்ப யார் அலறினது?"

திருப்புளி இடப்பக்கம் திருப்பியது. திருகாணி சுழன்று சுழன்று வெளியே வந்தது. தன்னைத் தானே பார்த்ததும் அதற்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துரு கட்டிப்பிடித்திருந்த இடமெல்லாம் அரித்துப்போய், மரை பாதியாகத் தேய்ந்திருந்தது.

"பாவி! இதுக்குத்தான் அணைச்சியா?"

அலறி உடைந்து, கீழே விரித்திருந்த செய்தித்தாளில் செந்தூளாய்க் கிடந்த துரு, "இப்பவும் சொல்றேன், இவங்களை நம்பாதே" என்றது. பிலோமி தாளை மடித்து அடுப்பில் போட்டாள்.

தொம்மை திருகாணியைத் துடைத்தார். "இன்னும் தாங்கும்" என்று, பிலோமியின் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, மறுபடி மாட்டினார். விரல் பட்டதும் கத்தி திறந்தது.

"இனி தம்பியக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் பிலோமி.

உள்ளே திருகாணி எண்ணெயை முறைத்தது. "நீயும்தான் கட்டிப்பிடிக்கிறே. உன்னை எப்படி நம்புறது?"

"நம்ப வேண்டாம்" என்றது எண்ணெய். "மாசம் ஒரு தடவை கழன்று வெளியே போய், நான் உன்னை என்ன பண்ணி வச்சிருக்கேன்னு நீயே பாரு."

இத்தனை வருஷச் சிநேகிதத்தில் துரு ஒரு நாளாவது இப்படிச் சொன்னதுண்டா என்று திருகாணி யோசித்தது. பிறகு எண்ணெய்க்கு இடம் விட்டது.