மோட்டார் பட்டறையும் மந்திரி காரும்

கோவைப் பக்கம் கிணற்று மோட்டார் செய்யும் பட்டறைகள், வெளிநாட்டு மோட்டார் மலிவாக வந்து குவிந்ததால் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. மிஞ்சியிருந்த ஒரு பட்டறையைப் பார்க்க வந்த மந்திரியிடம், அங்கே மோட்டாருக்குச் செம்புக்கம்பிச் சுருள் சுற்றும் துளசிமணி கேட்டாள்: "அரசாங்க ஆர்டரையாவது எங்களுக்குக் குடுங்க."

"அரசாங்கம் எதுக்கும்மா தாங்கணும்? சொந்தக் காலில் நில்லுங்க!" என்று அதட்டிவிட்டு மந்திரி காரில் ஏறினார். வாசலிலேயே மழைச் சேற்றில் சக்கரம் புதைந்தது.

"வந்து தள்ளுங்கப்பா!" என்று கத்தினார்.

துளசிமணி கிட்டே போனாள். "சொந்தமா இன்ஜின் இருக்குதுங்களே, நாங்க எதுக்குத் தள்ளோணும்?"

"இன்ஜின் நல்லாத்தாம்மா இருக்கு. சேத்துல மாட்டிக்கிச்சு. ஒரு தள்ளு தள்ளினா அதுவே ஓடும்."

"நாங்களும் அப்படித்தானுங்க."

மந்திரி சிரித்துவிட்டார். எல்லோரும் கைகொடுக்க, கார் மேடேறியது. மழைக்காலம் முடியும் முன்பே ஆர்டரும் வந்தது.