ஒரே தொகுதி

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கணும். எங்க பள்ளிக்கூட வேதியியல் லேப்ல இருபத்திரண்டு வருஷமா உதவியாளரா இருக்கேன். ஷமீமா எனக்குக் கீழ வேலைக்கு வந்து நாலு மாசம்தான் ஆகுது. சோடியம் வெட்டின கத்தியைத் துடைக்காம, ஒட்டியிருந்த துண்டோட அப்படியே குழாய்க்கடியில நீட்டிட்டா. படார்னு ஒரு சத்தம். யாருக்கும் அடி படல, தொட்டிதான் விரிசல் விட்டுது.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"ன்னு கேட்டேன். தப்பா? பிள்ளைங்க முன்னாடி "கத்தாதீங்க சார்"ங்கா! கையில இருந்த தட்டை வீசிட்டேன். நாலு பீக்கர் போச்சு. என் இடத்துல யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பான்.

உடனே மனு எழுதினேன். தற்காலிக வேலைதானே, பொறுப்பாசிரியை கையெழுத்துப் போட்டா அவ சீட்டு கிழிஞ்சுது. சலோமி டீச்சர்தான் பொறுப்பு. என்னைவிட வயசுல இளையவங்க, ஆனா எனக்குத் தெரிஞ்ச வேதியியல் அவங்க சொல்லிக் கொடுத்தது.

டீச்சர் படிச்சாங்க. முகம் சிவந்துபோச்சு.

"என்ன எழுதியிருக்கீங்க இசக்கி அண்ணாச்சி? முன்கோபி, லேபுக்கு ஆகமாட்டாளா?"

"ஆமா. சுள்ளுனு பத்திக்கிடுதா."

"நீங்க?"

"அவளையும் என்னையும் ஒண்ணாச் சேக்காதீங்க டீச்சர்! என் அனுபவம் என்ன, அவ அனுபவம் என்ன?"

டீச்சர் மண்ணெண்ணெய் ஊத்தின ரெண்டு பாட்டிலை எடுத்து மேஜையில ணங்குன்னு வச்சாங்க. ஒண்ணுல சோடியம், இன்னொண்ணுல பொட்டாசியம். சோடியத்துல கடுகளவு வெட்டித் தண்ணியில போட்டாங்க. உஸ்ஸுனு அங்கேயும் இங்கேயும் ஓடிக் கரைஞ்சுது. பொட்டாசியத்துலயும் அதே அளவு. தண்ணியைத் தொட்டதுமே ஊதா நிறத்துல தீப்பிடிச்சுது.

"சோடியத்துல எலெக்ட்ரான் எத்தனை?"

"பதினொண்ணு."

"பொட்டாசியத்துல?"

"பத்தொன்பது."

"பிறகு ஏன் ரெண்டுக்கும் ஒரே குணம்?"

இந்தப் பாட்டிலைத் துடைச்சு அடுக்கியிருக்கேனே தவிர, ஏன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. எரிச்சலா வந்துது. "நீங்களே சொல்லுங்க."

"உள்ள எத்தனை இருந்தா என்ன? ரெண்டுக்கும் கடைசி வட்டத்துல ஒண்ணே ஒண்ணுதான். தண்ணிகிட்ட போய் நிக்கிறது அது மட்டும்தான். அதான் தனிம அட்டவணையில ரெண்டையும் ஒரே தொகுதியில வச்சிருக்கு. மேல சோடியம், கீழ பொட்டாசியம்."

"சரி, பொட்டாசியம் மட்டும் ஏன் உடனே எரியுது?"

"அதுக்கு ஒரு வட்டம் கூடுதல். கடைசியில நிக்கிறது நடுவுல இருந்து ரொம்பத் தள்ளிப் போயிடுது. பிடி தளர்ந்துரும். சட்டுனு கைவிட்டுப் போயிரும்."

ஆனாலும் எனக்கு வீம்பு விடல. "அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர். கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா?"

டீச்சர் மனுவை என் பக்கம் தள்ளினாங்க.

"போடுதேன். அவ பேரு மேல இருக்கட்டும். அதுக்குக் கீழ உங்க பேரையும் எழுதிக் கொண்டாங்க."