மடை திறந்தவர்களின் பட்டியல்

முன்னொரு காலத்தில், ஏரித் தண்ணீரை நம்பிப் பிழைத்த ஒரு நாட்டை ஆண்ட கொற்றவேல மன்னனுக்கு விபரீதமான ஓர் ஆசை வந்தது. கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன், தன் நாட்டில் சட்டங்களை அரசன் தனியாக இயற்றுவதில்லை என்றும், மன்றம் ஒன்று கூடி மசோதாவை மூன்று முறை வாசித்து, பெரும்பான்மை பார்த்து நிறைவேற்றிய பிறகே அரசன் ஒப்புதல் தருவான் என்றும் சொல்லிவிட்டுப் போனான். அதைக் கேட்ட நாள்முதல் மன்னனுக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்து நாட்டு அரசனிடம் வெள்ளை யானை இருந்தது. தன்னிடம் ஒரு மன்றம் இருக்க வேண்டும் என்று அவன் முடிவு செய்தான்.

நாற்பத்தொரு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முதலமைச்சர் மழவராயரிடம் போயிற்று. அவர் தன் மைத்துனர்களையும், மைத்துனர்களுக்கு வேண்டியவர்களையும் உட்கார வைத்தார். எதிர்க்கட்சி ஒன்று வேண்டுமே என்று மன்னன் கேட்டான். ஐந்து முதியவர்களைப் பிடித்து, எதற்கும் "இல்லை" என்று சொல்லப் பழக்கினார்கள். அவர்கள் அதையும் மெதுவாகவே சொன்னார்கள்.

அரசவை விகடகவி சடைக்கூத்தனைச் சபாநாயகர் ஆக்கியதும் மழவராயர்தான். அது மரியாதை அல்ல என்பது சடைக்கூத்தனுக்குத் தெரியும். சபாநாயகர் விவாதத்தில் பேசக்கூடாது, வாக்களிக்கக்கூடாது. பதினான்கு ஆண்டுகளாகத் தன்னைச் சபையில் சிரிப்புக்கு இடமாக்கிய ஒரு வாயை மழவராயர் உயர்ந்த நாற்காலியில் ஏற்றி அடைத்துவிட்டார்.

அந்த ஆண்டு ஐப்பசி மழை ஏழு நாள் விடாமல் பெய்தது. தலைநகரிலிருந்து ஒருநாள் நடைத்தொலைவில் இருந்த பெருங்கண் ஏரி கரையைத் தொட்டது. கரை உடைந்தால் கீழே உள்ள மூன்று ஊர்களும் போய்விடும். மடையைத் திறந்தாக வேண்டும். ஆனால் கால்வாய் ஓரத்தில் மழவராயரின் நெல் அறுவடைக்கு நின்றது. திறக்க வேண்டாம் என்று அவருடைய ஆட்கள் சொல்லியனுப்பினார்கள். மன்னனிடமிருந்து எந்த ஆணையும் வரவில்லை. எட்டாம் நாள் காலையில் மடைக்காவலன் வேம்பன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏரிக்குள் மூழ்கி, அடியில் இருந்த கல்லடைப்பைப் பெயர்த்தான். தண்ணீர் பாய்ந்தது, கரை நின்றது, மூன்று ஊர்களும் பிழைத்தன. அடைப்பு திறந்த வேகத்தில் தண்ணீர் அவனையும் மடைக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. இரண்டு நாள் கழித்துக் கால்வாய் ஓரத்தில், மழவராயரின் மூழ்கிய வயலுக்குள் அவன் உடல் கிடைத்தது.

தண்டிக்க அவன் இல்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த அவன் மனைவி உடையாள் இருந்தாள். அவளைப் பிடித்து வந்தார்கள்.

அவளை எந்தச் சட்டத்தின்படி தண்டிப்பது என்று பார்த்தபோது அப்படிச் சட்டமே இல்லை என்று தெரிந்தது. மழவராயர் கவலைப்படவில்லை. அதற்குத்தானே மன்றம் இருக்கிறது என்றார். மன்றத்தின் முதல் மசோதா அதுவாகவே அமைந்தது. முத்திரையிட்ட அரசாணை இல்லாமல் எந்த ஏரி மடையை யார் திறந்தாலும், திறக்க உதவினாலும், எந்த நாளில் திறந்திருந்தாலும், அவருக்குத் தூக்கு. பழைய நாளுக்கும் செல்லும்படி எழுதினால்தான் அவள் கழுத்துக்கு எட்டும்.

மசோதாவைப் படித்த மன்னனுக்கு வணிகன் சொன்ன இன்னொரு விஷயம் நினைவுக்கு வந்தது. சட்டத்தின் முன் எல்லோரும் சமமாம். அந்த வாக்கியம் அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. தன் கையாலேயே முதல் வரியாக எழுதிச் சேர்த்தான்: "மன்னர் முதல் மடைக்காவலர் வரை இச்சட்டத்துக்கு விலக்கு இல்லை."

மழவராயர் கடைசி வரியைச் சேர்த்தார். சட்டத்தின் கீழ் வருகிற பெயர்கள் அனைத்தையும் விசாரித்து, ஒன்றுவிடாமல் எழுதி, கொலைக்களத்துக்கு அனுப்ப வேண்டியது சபாநாயகரின் கடமை. ஒரு பெயரை விட்டாலும் அந்தத் தண்டனை சபாநாயகருக்கே. நாட்டைச் சிரிக்க வைத்தவன் கையாலேயே அந்தப் பெண்ணின் சாவு எழுதப்பட வேண்டும் என்பது அவர் ஆசை.

மூன்று வாசிப்பும் ஒரே முற்பகலில் முடிந்தன. முதியவர்கள் ஐவரும் "இல்லை" என்றார்கள். மற்றவர்கள் கையைத் தூக்கினார்கள். மன்னன் ஒப்புதல் அளித்தான். சடைக்கூத்தன் உயர்ந்த நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால் அவன் சிறைக்குப் போனான். உடையாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்த காயம் ஆறாமல் இருந்தது. மேல்முறையீடு செய்ய ஒரு வழி இருக்கிறது, மன்னரிடம் கருணை மனு கொடுக்கலாம் என்று அவன் எடுத்துச் சொன்னான். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"மூணு தடவ கயித்த ஆட்டுனா இழுக்கணும்னு சொல்லிட்டு எறங்குனாரு," என்றாள். "ஒரு தடவதான் ஆட்டுனாரு. நான் இன்னும் ரெண்டு வரட்டும்னு நின்னேன்."

சடைக்கூத்தன் மனுவைப் பற்றிப் பேசுவதை விட்டான். பிறகு, அவள் ஏதாவது கேட்க வேண்டுமா என்றான். மடைக்கல்லைத் திரும்ப அடைத்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டாள். அடைக்காவிட்டால் கோடையில் ஊருக்குத் தண்ணீர் இருக்காது.

அதைப் பார்த்து வரத்தான் அவன் மறுநாள் பெருங்கண் ஏரிக்குப் போனான். கல்லை அடைத்திருந்தார்கள். கரையில் ஒரு பலகைக்கல் நின்றது. அதில் இருந்த எழுத்துகளை அவன் ஒரு முறை படித்தான். பாசியைத் துணியால் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தான். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை அழைத்து, அதில் உள்ளபடியே நடந்ததா என்று விசாரித்தான். நடந்தது, நாங்களே பார்த்தோம் என்று அவர்கள் சாட்சி சொன்னார்கள். திரும்பித் தலைநகருக்குள் நுழையும் முன் பட்டியலை எழுதி முடித்தான்.

தன் மன்றத்தின் முதல் சட்டம் நிறைவேறுவதைக் காண மன்னன் தானே கொலைக்களத்துக்கு வந்தான். உறுப்பினர்களில் முப்பத்தெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். காலை வெயில் ஏறியிருந்தது. உடையாளைக் கைகட்டி நிறுத்தியிருந்தார்கள். மேலே இரண்டு கயிறுகள் தொங்கின.

இரண்டு எதற்கு என்று மன்னன் கேட்டான்.

"பட்டியலில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன, அரசே," என்றான் சடைக்கூத்தன்.

"இரண்டாமவர் யார்?"

அவன் ஓலையைப் பிரித்தான். மெதுவாகப் படித்தான். "பெருங்கண் ஏரி மடை. எட்டு ஆண்டுகளுக்கு முன், தை மாதம், முடிசூட்டு நாளின் காலையில் கொற்றவேலர் தம் கையால் திறந்தார் என்று கரையில் கல்வெட்டு உள்ளது. இரண்டு சாட்சிகள் உண்டு. அவர் குதிரையில் தலைநகர் திரும்பிய பின், அன்று மாலை முகூர்த்தத்தில்தான் அரச முத்திரை அவர் கைக்கு வந்தது. எனவே காலையில் முத்திரையிட்ட ஆணை இல்லை."

யாரும் சிரிக்கவில்லை. மெய்க்காவலர்களில் ஒருவன் வாளின் பிடியைத் தொட்டான். அந்த வாள் உருவப்பட்டால் தன் தலை எந்தப் பக்கம் விழும் என்றுகூடச் சடைக்கூத்தன் நினைத்துவிட்டான்.

"விகடம் செய்கிறாயா?" என்றான் மன்னன்.

"எனக்கு இப்போது விகடம் செய்ய உரிமை இல்லை, அரசே. நான் சபாநாயகர். ஒரு பெயரை விட்டாலும் அந்தக் கயிறு என்னுடையது என்று சட்டம் சொல்கிறது."

மழவராயர் முன்னால் வந்தார். மன்னரைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று ஆரம்பித்தவர், முதல் வரி மன்னனின் கையெழுத்து என்பது நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார். மன்னர் தமக்குத் தாமே மன்னிப்பு அளித்துக்கொள்ளலாமே என்று வேறு வழிக்குத் தாவினார். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்க முடியாது என்பதும் அந்த வணிகன் சொன்னதுதான், சென்ற வாரம் மன்னரே அதைப் புகழ்ந்து பேசினார் என்று சடைக்கூத்தன் பணிவாக நினைவுபடுத்தினான். அப்படியானால் மன்றத்தை இங்கேயே கூட்டுவோம், "மன்னர் நீங்கலாக" என்று ஒரு திருத்தம் கொண்டுவருவோம் என்றார் மழவராயர்.

சடைக்கூத்தன் இதை எதிர்பார்த்திருந்தான். திருத்தலாம், தடையில்லை என்றான். இருபத்தொருவர் இருந்தால் மன்றம் கூடலாம். முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நீங்கலாக என்று எழுதினால், மன்னர் தூக்குக்கு உரிய குற்றத்தைச் செய்தார், செய்துவிட்டு விலக்கு வாங்கிக்கொண்டார் என்றே ஏடுகளில் நிற்கும். அவருடைய பேரப்பிள்ளைகளும் அதைத்தான் படிப்பார்கள்.

மன்னனின் முகம் கறுத்தது. "நான் குற்றவாளி அல்ல," என்றான். "நான் மடையைத் திறந்த நாளில் அப்படி ஒரு சட்டமே இல்லையே."

"அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அரசே, திருத்தமாக எழுதச் சொல்கிறேன்."

மன்னன் உடையாளைப் பார்த்தான். அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தான் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு மழவராயர் பக்கம் திரும்பி, மசோதாவைக் கொண்டுவந்தவரே திருத்தத்தையும் கொண்டுவரட்டும் என்றான்.

தூக்குமரத்தின் அடியில் மன்றம் கூடியது. தம்முடைய வாயாலேயே மழவராயர் மூன்று முறை வாசித்தார்: இச்சட்டம் இன்றுமுதல் நடப்பவற்றுக்கு மட்டுமே செல்லும், சட்டம் பிறக்கும் முன் நடந்தது குற்றமாகாது. கைகள் உயர்ந்தன. பழக்கத்தில் "இல்லை" என்று சொல்ல வாயெடுத்த எதிர்க்கட்சி முதியவர் ஒருவர், உடையாளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். மன்னன் ஒப்புதல் எழுதியதும் கொலைஞன் இரண்டு கயிறுகளையும் அவிழ்த்தான்.

அப்போதுதான் மன்னனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் சிரித்தான், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். மன்னன் சிரித்ததால் முப்பத்தெட்டுப் பேரும் சிரித்தார்கள். தன்னையே தூக்குமேடை வரை கூட்டிவந்து திருப்பி அனுப்பியவன் உலகத்தில் நீ ஒருவன்தான் என்று சொல்லி, கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினான்.

சடைக்கூத்தன் மாலையை வாங்கவில்லை. சட்டம் இன்றுமுதல் உயிரோடுதான் இருக்கிறது. அடுத்த மழைக்கு யார் மடையைத் திறந்தாலும் தூக்குதான். ஆணை வாங்க ஒருநாள் நடந்து வருவதற்குள் கரை உடைந்துவிடும். ஆகவே பரிசாகத் தனக்கு ஓர் ஓலை போதும் என்றான். பெருங்கண் ஏரியில் நீர் கரையைத் தொடும் எந்த நாளிலும் மடைக்காவலர் மடையைத் திறக்க அரசாணை என்று எழுதி, முத்திரை வைத்துத் தர வேண்டும். மன்னன் இன்னும் சிரித்துக்கொண்டே முத்திரையை வைத்தான். மழவராயர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அவன் அந்த ஓலையை உடையாளிடம் கொடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விளக்கினான். அவள் அவனுக்கு நன்றி சொல்லவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை. கட்டு அவிழ்ந்த கைகளில் ஓலையை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல அவரு பேரு இருக்கா சாமி?"

இல்லை என்றான்.

"எழுதிக் குடுங்க."

முத்திரை வைத்த ஆணையில் ஓர் எழுத்தைச் சேர்ப்பதும் பெருங்குற்றம். சபாநாயகருக்கு அது நன்றாகத் தெரியும். சடைக்கூத்தன் இடுப்பிலிருந்து எழுத்தாணியை எடுத்தான். தூக்குமேடைப் படியில் உட்கார்ந்து ஓலையை முழங்காலில் வைத்துக்கொண்டான். 'மடைக்காவலர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், இருந்த சிறிய இடத்தில், வேம்பன் என்று எழுதிக் கொடுத்தான்.