ஆறாவது கம்ப்யூட்டர் புதுசான கதை

வெள்ளாங்கரையில் புத்தி குறைந்தவர் என்று ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. சந்தேகம் இருந்தால் அந்த ஊர்க்காரர்களையே கேட்டுப் பாருங்கள், அவர்களே சொல்வார்கள். அதிலும் கருப்பட்டி உற்பத்தியாளர் சங்கத்தின் கிளை ஆபீஸில் இருந்த நாலு பேருடைய புத்தி, கொஞ்சம்கூடச் செலவழிக்கப்படாமல் வாங்கினபடியே புதுசாக இருந்தது.

நாலு பேரில் மூத்தவர் மேலாளர் தெய்வசிகாமணி. தலைமை ஆபீஸிலிருந்து வந்த ஒரு சேதி அவர் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. ஆபீஸில் தூங்குகிற தூக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எல்லாக் கிளைகளிலும் கம்ப்யூட்டர்களுக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட வேண்டுமாம். சனிக்கிழமை அதிகாரி குணபாலன் நேரில் வந்து பார்ப்பாராம். வேலை முடியாத கிளையைப் பக்கத்து ஊர்க் கிளையோடு சேர்த்துவிடுவார்களாம்.

பக்கத்து ஊர் புளியடி. அங்கே மேலாளராக இருப்பவன் தெய்வசிகாமணியின் பெண்டாட்டிக்குத் தம்பி. இவர் கல்யாணத்தில் இரண்டாவது அப்பளம் கேட்டுப் பந்தியில் உருண்டு அழுத பயல். அவனைத் தினமும் எழுந்து நின்று 'சார்' என்று கூப்பிட வேண்டியிருக்கும். "எந்தம்பி உங்கள நல்லா வச்சுக்கிடுவான், கவலைப்படாதீய" என்று வீட்டுக்காரி ஆறுதல் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

தலைமை ஆபீஸில் இந்த வேலைக்குப் பொறுப்பு ஷெரின் என்கிற என்ஜினீயர். பொறுமையான பெண். போனில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"முதல்ல ஒரே ஒரு மெஷின்ல போடுங்க சார். நடுவுல ஸ்கிரீன் கறுப்பாயிடும், தானா அணைஞ்சு தானா வரும். யாரும் பயப்படாதீங்க. அது நல்லபடியா முடிஞ்சா, அதுக்கு என்னென்ன செஞ்சீங்களோ அதையே ஒண்ணு விடாம மத்த அஞ்சுக்கும் செய்யுங்க. நீங்களா எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குத் தெய்வசிகாமணி சாமியைக் கும்பிட்டுவிட்டு முதல் கம்ப்யூட்டரில் பட்டனை அமுக்கினார். சொன்னபடியே கொஞ்ச நேரத்தில் ஸ்கிரீன் கறுத்தது.

"யாரும் பயப்படக் கூடாது" என்றார் அவர்.

கடைநிலை ஊழியன் மாயக்கூத்தன் தொண்டையைச் செருமினான். "எனக்கு லேசா பயமா இருக்கு அண்ணாச்சி."

"ஆபீஸுக்குள்ள பயப்படாதல. வெளிய போய் பயந்துட்டு வா."

மாயக்கூத்தன் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று நன்றாகப் பயந்தான். வெறுங்கையோடு திரும்பக் கூடாதே என்று நாலு டீ வாங்கி வந்தான். வாசற்படியில் தடுக்கியது. ஒரு டீ அப்படியே தெய்வசிகாமணியின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. முறுக்குத் தின்றுகொண்டிருந்த டைப்பிஸ்ட் சந்தனமேரி அதைப் பார்த்துச் சிரிக்கப்போக, அவளுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கருப்பட்டி வியாபாரி சுடலையாண்டி, தன் மூட்டைகள் இன்னும் வந்து சேரவில்லை என்று உள்ளே நுழைந்து, "உங்க ஆபீஸப் பூட்டி சாவியக் கெணத்துல போட்டாத்தான்வே ஊரு உருப்படும்!" என்று கத்தினார். அவர் திறந்துவிட்ட கதவு வழியாக ஒரு ஆடு வந்து, சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் ஐப்பசியைத் தின்றுவிட்டுப் போனது.

ஸ்கிரீன் பளிச்சென்று எரிந்தது. புது சிஸ்டம் வந்துவிட்டது.

தெய்வசிகாமணிக்கு உயிர் திரும்பியது. "வே நாயகம், மத்த அஞ்சையும் இப்பவே முடிச்சிருவோமா?"

நாயகம் என்றால் குமாஸ்தா கோமதிநாயகம். எதையும் மறக்காத மனிதர். அதில் எது முக்கியம் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது.

"பொறுங்க அண்ணாச்சி. அந்தப் புள்ள என்ன சொல்லிச்சு? செஞ்சதையெல்லாம் ஒண்ணு விடாம செய்யணும்னு சொல்லிச்சா இல்லையா? நாம என்னென்ன செஞ்சோம்?"

"பட்டன அமுக்குனோம்."

"அது மட்டுந்தானா? டீ கொட்டலையா? மேரிக்கு விக்கல் எடுக்கலையா? சுடலையாண்டி ஏசலையா?"

"அதெல்லாம் தானா நடந்ததுல்லா?"

"ஸ்கிரீனும் தானாத்தானே அணைஞ்சு தானா வந்துச்சு?"

சந்தனமேரி யோசித்தாள். "எதப் புடிச்சு அந்த மெஷின் தேறுச்சோ, யாரு கண்டா? எனக்கென்னமோ ஆடுதான்னு தோணுது."

தெய்வசிகாமணி கண்ணை மூடினார். கண்ணுக்குள் மச்சினன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். "எதையும் விட வேண்டாம்" என்றார். "பதினோரு மணிக்குத்தானே ஆரம்பிச்சோம்? பகல்ல ஒரு பதினோரு மணிதான் வருது. நாளைக்கு ஒண்ணு, மறுநாள் ஒண்ணுன்னு போட்டா சனிக்கிழமையோட சரியாப்போவும்."

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை இரண்டாவது கம்ப்யூட்டர் நடந்தது. தெய்வசிகாமணி டீக்கு வாகாக நின்றார். அவர் அதே சட்டையைத்தான் போட்டு வந்திருந்தார். ஆனால் முந்தின நாள் டீ விழுந்தது கறையில்லாத சட்டையில் அல்லவா என்று கோமதிநாயகம் கேட்டதால், கடைக்கு ஆள் அனுப்பிப் புதுச் சட்டை வாங்கும்படி ஆயிற்று. சந்தனமேரி முறுக்கை மெல்லாமல் விழுங்கி விக்கலைக் கொண்டுவந்தாள். அந்தப் பெண்ணுக்கு வேலையில் அவ்வளவு அக்கறை.

ஆட்டைப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. காலண்டர்தான் தகராறு செய்தது. ஐப்பசி போய்க் கார்த்திகை தெரிந்தது. கார்த்திகையைக் கொடுத்தால் அது வேறு மாதம் ஆகிவிடும். எனவே மாயக்கூத்தன் தினம் ஒரு கடையாகப் போய் ஐப்பசியை மட்டும் கிழித்துவந்தான். வியாழக்கிழமைக்குள் அந்தத் தெருவில் ஐப்பசியே இல்லாமல் போயிற்று. தீபாவளி என்றைக்கு என்று தெரியாமல் தையல்காரர் வந்த துணியையெல்லாம் ராவும் பகலுமாகத் தைத்துத் தள்ளினார்.

சுடலையாண்டிக்குக் கோபம் வர வேண்டுமென்றால் அவர் மூட்டைகள் போய்ச் சேரக் கூடாது. விஷயம் தெரியாத லோடுக்காரர்கள் புதன்கிழமை லாரியை அனுப்பிவிட்டார்கள். தெய்வசிகாமணி பதறிப்போய் போன் செய்து, பாதி வழி போன லாரியைத் திருப்பி வரவழைத்தார். மறுநாளும் அப்படியே. வெள்ளிக்கிழமை சுடலையாண்டி வந்தபோது அவர் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. தாத்தா, பூட்டன் வரைக்கும் போய்விட்டார்.

கோமதிநாயகம் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணாச்சி, கூட்ட வேண்டாம்னு தெளிவாச் சொல்லிருக்காவ. கெணறு வரைக்கும் ஏசுனாப் போதும். பூட்டனை விட்டுருங்க."

சுடலையாண்டி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

மாயக்கூத்தன் பாடுதான் பாவம். நாலு முறை பயந்ததில் அவனுக்குப் பயம் தெளிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வேப்பமரத்தடியிலிருந்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வந்தான். "எவ்வளவு நின்னாலும் வரமாட்டேங்கு அண்ணாச்சி."

"இந்த மெஷின் தேறலைன்னா நீயும் என்னோட புளியடிக்கு வரணும்ல. ரெண்டு பஸ்ஸு மாறணும். அங்க எம்மச்சினன் தூங்க விடமாட்டான்."

"பயம் வந்துட்டு அண்ணாச்சி!" என்று கத்திக்கொண்டு மாயக்கூத்தன் வெளியே ஓடினான்.

ஐந்து கம்ப்யூட்டரும் புதுசாகிவிட்டன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாருக்கும் அல்வா வந்தது. கோமதிநாயகம் மட்டும் இலையைத் தொடவில்லை.

"என்ன வே?"

"ஒரு சின்ன விஷயம் அண்ணாச்சி. மொத மெஷினப் போடும்போது சுத்தி இருந்த அஞ்சு மெஷினும் பழசு. நாளைக்கு ஆறாவதப் போடும்போது சுத்தி இருக்கிற அஞ்சும் புதுசு. அது எப்படி அதே மாதிரி ஆகும்?"

மற்ற மூன்று பேரும் அல்வா இலையைத் தள்ளி வைத்தார்கள். எவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து தப்பினோம் என்று சந்தனமேரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். தெய்வசிகாமணி உடனே ஷெரினுக்குப் போன் போட்டார்.

"போட்டதை மறுபடி பழசா மாத்த முடியுமாம்மா?"

"முடியும் சார். ஏன், ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினையே இல்லம்மா. அஞ்சும் அருமையா ஓடுது. அதனாலதான் கேக்கேன்."

அவள் வழியைச் சொன்னாள். ஏன் என்று திரும்பக் கேட்கவில்லை. இருட்டுவதற்குள் ஐந்தையும் பழையபடி ஆக்கிவிட்டுத்தான் நாலு பேரும் வீட்டுக்குப் போனார்கள். வெகு நாளைக்குப் பிறகு தெய்வசிகாமணி நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஆறாவது கம்ப்யூட்டர் ஆரம்பமாயிற்று. ஸ்கிரீன் கறுத்தது. மாயக்கூத்தன் பயந்து வந்தான். டீ கொட்டியது. விக்கல் எழுந்தது. சுடலையாண்டி கிணற்றோடு நிறுத்திக்கொண்டார். பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து வாங்கிவந்த ஐப்பசியை ஆடு மென்றுகொண்டிருக்கும்போது வாசலில் ஜீப் வந்து நின்றது. மத்தியானம் வர வேண்டிய அதிகாரி குணபாலன் முன்கூட்டியே வந்துவிட்டார்.

ஆட்டுக்கு வழி விட்டு அவர் உள்ளே வந்தார். ஸ்கிரீன் பளிச்சென்று எரிந்தது. நாலு பேரும் கைதட்டினார்கள்.

குணபாலன் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் பார்த்தார். "ஒண்ணுதான் புதுசா இருக்கு. மத்த அஞ்சும் ஏன் பழசா இருக்கு?"

"நேத்து வரைக்கும் அதுவும் புதுசுதான் சார்" என்றார் தெய்வசிகாமணி பெருமையாக. "ரொம்பப் பாடுபட்டு பழசாக்கிருக்கோம்."

கோமதிநாயகம் ஒன்று விடாமல் விளக்கினார். டீயும் ஆடும் பூட்டனும் எல்லாம் அதில் வந்தன. குணபாலன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். வெள்ளாங்கரையைப் புளியடியோடு சேர்க்கும் ஆர்டர் அது.

அதிகாரி அந்த ஆர்டரைப் பார்த்தார். நாலு பேரையும் பார்த்தார். புளியடியில் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்களை நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. காகிதத்தை நாலாகக் கிழித்தார்.

"இந்த ஆபீஸை எதோடயும் சேர்க்க வேண்டாம். இது தனியாவே இருக்கட்டும். நீங்க நாலு பேரும் தயவுசெஞ்சு எங்கேயும் போயிடாதீங்க."

தெய்வசிகாமணி அழுதேவிட்டார். இனி மச்சினன் வீட்டுக்கு வந்தால் எழுந்திருக்கக்கூட வேண்டாம். அதிகாரியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குணபாலன் கையை விடுவித்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார். ஜீப் கிளம்பியது.

"அண்ணாச்சி" என்றார் கோமதிநாயகம். "ஆறாவது மெஷினுக்கு அதிகாரி வந்தாவ. ஆர்டர எடுத்தாவ. கிழிச்சாவ. மெஷின் தேறிட்டு. இன்னும் அஞ்சு பழைய மெஷின் கெடக்கே?"

தெய்வசிகாமணி தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். "கிழிச்ச ஆர்டர மறுபடி எப்படி வே கிழிக்க?"

அதற்குள் சந்தனமேரி புதுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்திருந்தாள். வெள்ளாங்கரைக் கிளையை இன்று முதல் புளியடிக் கிளையோடு சேர்க்க இதனால் உத்தரவிடப்படுகிறது. ஐந்து பிரதி. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

நல்லவேளை, வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்ததால் ஜீப் அங்கே நின்றிருந்தது. டீ வழிகிற சட்டையோடு ஓடிவந்த தெய்வசிகாமணி ஜீப்பின் ஜன்னல் வழியாகக் காகிதங்களை நீட்டினார். பின்னால் மற்ற மூன்று பேரும் ஓடிவந்தார்கள்.

"சார், அஞ்சு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க. எங்க ஆபீஸ மூடுறதுக்கு. நெசமா மூட இல்ல சார், கிழிக்கத்தான்! நாளையிலிருந்து தினம் ஒரு ஆர்டரக் கொண்டாந்து கிழிச்சிட்டுப் போயிருங்க!"

குணபாலன் கேட்டைப் பார்த்தார். ரயில் வருகிற அறிகுறியே இல்லை. மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கி, ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு, கேட்டுக்கு அடியில் குனிந்து தண்டவாளத்தைத் தாண்டி விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார்.

கோமதிநாயகத்துக்கு உண்மையாகவே மனசு கேட்கவில்லை. கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்.

"சார், நடந்து போகாதீங்க! இன்னிக்கு நடந்தீங்கன்னா மத்த அஞ்சு நாளும் நடக்கணும்!"